இடப்பக்கத்துப் பெட்டி

வேண்டாம் தம்பி, மேலே வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். நீங்க நல்லவராத்தான் தெரியுறீங்க. ஆனா மேலே வச்சா டிரைவர் பிரேக் போடுறப்ப சரியும், எவனாவது அதுமேல மூட்டையை ஏத்துவான். அப்புறம் 'நீங்க கொண்டு வந்த லட்சணம் அப்படி'ன்னு அவன் சொல்லித் தப்பிச்சுக்குவான். எவனா? சொல்றேன். அதுக்குத்தானே புதுக்கோட்டைக்குப் போறேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்க. ஜன்னலோரம் நான் தள்ளிக்கிறேன், நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. காத்துக்காக இல்ல. எனக்கு அந்தப் பக்கம் உக்காருறவங்க எல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறாங்க. இந்தப் பக்கம் உக்காருறவங்க கணீர்னு பேசுறாங்க. ஏன்னு தெரியல, ஆனா கவனிச்சிருக்கேன். எதையும் கவனிச்சே பழகினவன் நான். ம், இப்ப சொல்லுங்க. என்ன கேட்டீங்க?

ஆமா, ஸ்பீக்கர்தான். போர்வை சுத்தி வச்சிருக்கேன், அதையும் மீறிக் கண்டுபிடிச்சிட்டீங்களே. நீங்க அந்தத் தொழில்ல இருக்கீங்களா? இல்லையே? ஓ, கல்யாணமா. புதுக் குடித்தனம். அலமாரியில வைக்கிற மாதிரி சின்னதா ஒரு ஜோடி வாங்கணும், கடையில வாங்குறதா, ஆள்கிட்டச் சொல்லிச் செய்யுறதான்னு ரெண்டு மனசு. நல்ல ஆள்கிட்டத்தான் வந்து உக்காந்தீங்க போங்க. இந்தக் கேள்வியாலதான் என் வீட்டு அடுப்பு அணைஞ்சு கிடக்கு.

எம்பேர் அமிர்தலிங்கம். எடை அளவு முத்திரை ஆய்வாளரா இருந்து ஓய்வு வாங்கினவன். கடைக்குக் கடை போய் தராசையும் படிக்கல்லையும் சோதிச்சு முத்திரை வைப்போமே, அந்த வேலை. கடைநிலை ஊழியனா உள்ளே நுழைஞ்சு மேலே வந்தவன். ஆரம்பத்துல தகரக் கொட்டகையில உக்காந்து படிக்கல்லு அடியில ஈயத்தை ஊத்தி முத்திரை குத்துறதுதான் வேலை. டங்கு டங்குனு நாள் பூரா சுத்தியடி. பக்கத்துலயே இன்னொருத்தன், இந்த ஜன்னல் இருக்கிற பக்கம் உக்காந்து அவன் பங்குக்கு அடிப்பான். சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருக்கும். அதுல வந்த உடம்பு இது. ஒரு குறை கிடையாது.

அந்த வேலையில ஒண்ணு கத்துக்கிட்டேன். யாரையும் நம்பாதே, தட்டை மாத்திப் பாரு. தராசு நேரா நிக்குதுன்னு வியாபாரி சிரிப்பான். நான் பேசவே மாட்டேன். இந்தத் தட்டுல இருக்கிறதைத் தூக்கி அந்தத் தட்டுல வைப்பேன், அங்கே இருக்கிறதை இங்கே. நல்ல தராசு அப்பவும் நேரா நிக்கும். கள்ளத் தராசு ஒரு பக்கம் சாய்ஞ்சு குட்டு வெளியாகிடும். லால்குடிப் பக்கம் ஒரு அரிசி மண்டிக்காரர், நெத்தி நிறைய விபூதி. தட்டை மாத்தினேன் பாருங்க, விபூதியெல்லாம் வேர்வையில வழிஞ்சு மூக்குக்கு வந்துடுச்சு.

வியாபாரியை மட்டும் இல்ல தம்பி, எங்களையே நாங்க நம்ப மாட்டோம். நான் சோதிக்கக் கொண்டு போற கல்லு இருக்கே, அதையும் பெரிய ஆபீசுக்கு அனுப்பி அது சரியா இருக்கான்னு பார்க்கணும். சோதிக்கிற கல்லே தேய்ஞ்சு போயிருந்தா ஊர்ல இருக்கிற நல்லவனெல்லாம் திருடனாத் தெரிவானே. எவ்வளவு பெரிய ஏற்பாடு பாருங்க. அதெல்லாம் இன்னைக்கு யாருக்குத் தெரியுது.

சரி, ஸ்பீக்கருக்கு வர்றேன்.

என் வீட்டுக்காரி பேரு தமயந்தி. அவ அப்பா, என் மாமனார், தவில் வித்வான். செத்துப் போயாச்சு. அவர் வாசிச்சதுல மிஞ்சினது ஒரே ஒரு கேசட்டுதான். ஒரு கோயில் திருவிழாவுல, சிங்கப்பூர்ல இருந்து வந்த உறவுக்காரர் ரெண்டு மைக் வச்சுப் பிடிச்சது. ஒரு மைக் நாகசுரத்துக்குக் கிட்ட, ஒரு மைக் தவிலுக்குக் கிட்ட. அந்தக் கேசட்டைப் பென்டிரைவுல ஏத்தி, 'அக்கா, இதை நல்ல பெட்டியில கேக்கணும்க்கா, டிவியில கேக்கக் கூடாது'ன்னு ஆரம்பிச்சு வச்சவன் அவ தம்பி மதிவாணன். என் மச்சினன். புதுக்கோட்டை மச்சுவாடியில மைக் செட் கடை வச்சிருக்கான். கல்யாணம், காதுகுத்துன்னா குழாய் கட்டுறது, கேட்டவங்களுக்குப் பெட்டி அடிச்சுக் குடுக்கிறது.

நான் அப்பவே சொன்னேன். கடையில வாங்குவோம், கம்பெனி சாமான், ரசீது இருக்கும், கெட்டுப்போனா கழுத்தைப் பிடிக்கலாம். சொந்தக்காரன் கழுத்தைப் பிடிக்க முடியுமா?

அதுக்கு மதி சொல்றான், 'மாமா, கடைப் பெட்டி கெட்டதுன்னு சொல்லல. ஆனா அது எவன் வீட்டுக்குப் போகப் போகுதுன்னு அதுக்கே தெரியாது. நான் உங்க ஹாலைப் பார்த்து, அக்கா அலமாரியில எந்தத் தட்டுல வைப்பாளோ அந்தத் தட்டை அளந்து அடிக்கிறேன்'னு. அளந்துன்னு சொன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. 'எதுல அளப்பே?'ன்னு கேட்டேன். 'ஆசாரி டேப்புதான் மாமா'ங்கிறான். 'முத்திரை இருக்கா அதுல?' விழுந்து விழுந்து சிரிக்கிறான். தமயந்தியும் சிரிக்கிறா. அக்காளும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சா அதுக்குப் பின்னாடி ஏதோ இருக்குன்னு அர்த்தம் தம்பி. கல்யாணம் ஆகப் போறவர், குறிச்சு வச்சுக்குங்க.

சொன்ன மாதிரியே அடிச்சுக் கொண்டு வந்தான். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. பொய்க்கல்லும் பார்க்க அழகாத்தான் இருக்கும். அலமாரியில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல என் நாற்காலி. பெட்டியில இருந்து நாற்காலி, நாற்காலியில இருந்து பெட்டின்னு நானே நூல் பிடிச்சு வச்சேன். அந்த நாற்காலி அதுக்கப்புறம் அசையல. போட்டான். வலப்பக்கம் நாகசுரம் எடுத்துச்சு பாருங்க, மயிர்க்கூச்செறியுது. இடப்பக்கம் தவில். தமயந்தி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுறா. 'அப்பா, அப்பா'ங்கிறா. மதி கண்ணைத் துடைச்சுக்கிறான்.

நான் பார்க்கிறேன், எதுக்கு அழுறாங்க? தவில் எங்கே இருக்கு? மூணு தெரு தள்ளி யாரோ சாக்குமூட்டையைத் தட்டுற மாதிரி இருக்கு. நாகசுரம் மடியில உக்காந்து வாசிக்குது, தவில் மூணு தெரு தள்ளி நிக்குது. 

'இடது பெட்டி குறையுது'ன்னேன்.

'இல்லையே மாமா'ங்கிறான்.

'குறையுதுடா.'

'கல்லு மாதிரி இருக்கே மாமா. அக்கா, உனக்கு?' அவ தலையாட்டுறா. தம்பி கேட்டா அவ எதுக்குத்தான் தலையாட்ட மாட்டா?

சரி, நம்ம வித்தை இருக்கவே இருக்கு. தட்டை மாத்து. இடது பெட்டியைத் தூக்கி வலப்பக்கம் வை, வலதைத் தூக்கி இடப்பக்கம் வைன்னேன். மாத்தினான். நான் என்ன நினைச்சேன், குறையுற பெட்டி இப்ப வலப்பக்கம் குறையும், கையும் களவுமாப் பிடிச்சிடலாம்னு. போட்டான். தம்பி, அப்பவும் இடதுதான் குறையுது. இவ்வளவு நேரம் நாகசுரத்தைக் கொட்டின பெட்டி, இடப்பக்கம் போனதும் ஊமையாயிடுச்சு.

உங்களுக்கே புரியுதுல்ல? ஒரு பெட்டியில குறைன்னா தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு பெட்டியும் நான் மாத்த மாத்த இடப்பக்கமே குறைஞ்சா? ரெண்டுலயும் கை வச்சிருக்கான்னு அர்த்தம். நான் தட்டை மாத்துவேன்னு அவனுக்குத் தெரியும். என் வித்தை தெரிஞ்சவன், அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சு கொண்டாந்திருக்கான். என் சர்வீசுல இவ்வளவு நுணுக்கமான திருடனை நான் பார்த்ததில்ல.

என்ன? கொஞ்சம் கணீர்னு... வயரா? அதெல்லாம் மாத்தியாச்சு. ஆம்ப்ளிஃபயரையும் மாத்திக் கொண்டாந்தான். அப்பவும் இடதுதான். 'சுவர்ல ஈரம் இருக்குமோ'ன்னு சுவரைக்கூடத் தட்டிப் பார்த்தேன்.

அப்பத்தான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். குரலைத் தாழ்த்தி, பயந்த மாதிரி, 'மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடுவோமா? நானும் கூட வர்றேன்'னு.

எனக்கு வந்துச்சு பாருங்க. தம்பி, தராசு குறையுதுன்னு சொன்னா வியாபாரி முதல்ல என்ன சொல்லுவான் தெரியுமா? 'சார், நீங்க கண்ணாடி போட்டுப் பாருங்க' அப்படிம்பான். கை வச்சவன் எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை அதுதான். தராசு மேல பழி வந்தா பார்க்கிறவன் கண்ணு மேல தூக்கிப் போடு. இவன் கண்ணுக்குப் பதிலா காதைச் சொல்றான், அவ்வளவுதான் வித்தியாசம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவன் குற்றவாளி.

இதுல தமயந்தி வேற. 'நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து கேளுங்களேன்'னா. முதுகைக் காட்டிக்கிட்டு! என் முதுகுல காது முளைச்சிருக்கா? வீட்டு ஆம்பளையை மூலையைப் பார்த்து உக்காரச் சொல்றது மரியாதையா? பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடம் செய்யாதவனைத்தான் அப்படி உக்கார வைப்பாங்க. நான் திரும்பவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் திரும்பல.

அப்புறம் நான் பாட்டுக்குக் கிளம்பி தில்லைநகர்ல ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஏசி ரூம், சோபா. டை கட்டின ஒருத்தர் வந்து, 'சார், ஜோடி ஜோடியாப் பொருத்தம் பார்த்து ஃபேக்டரியிலயே டெஸ்ட் பண்ணி அனுப்புறது சார், கையால அடிச்ச பெட்டியெல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப் போகாது'ன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துடுச்சு. போடுங்கன்னேன். போட்டார்.

இடது குறையுது.

அந்தக் கடையில, அந்தக் கம்பெனிப் பெட்டியில, அந்த ஏசி ரூம்ல, அங்கயும் இடது குறையுது! நான் காட்டிக்கல. மெதுவா, 'இடப்பக்கம் கொஞ்சம் குறையற மாதிரி...'ன்னு இழுத்தேன். அவர் என்ன சொல்லணும்? பதறணும்ல? சிரிச்சுக்கிட்டே, 'அதுக்கென்ன சார், பேலன்ஸ் இருக்கு, இடப்பக்கம் கூட்டிக்கலாம்'னு ஒரு திருகைத் திருகிக் காட்டுறார். கூட்டிக்கிறதுக்கும் குறைச்சுக்கிறதுக்கும் வெளியிலயே திருகு! தராசுல அப்படி ஒண்ணு வெளியே இருந்தா கடையைப் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போயிடுவோம். இங்க அது வசதியாம். ஆனாலும் ஜோடியை வாங்கிட்டு வந்தேன். ஏன்? ஆதாரம் வேணும்ல.

வீட்டுல வச்சுக் கேட்டேன். இடதுதான். ஆக, செஞ்ச பெட்டியும் குறையுது, வாங்கின பெட்டியும் குறையுது. ஒரே பக்கம். இது தற்செயலா? உக்காந்து யோசிச்சேன், பிடிபட்டுச்சு. உள்ளே இருக்கிற வட்டமான தட்டு, அதான், அந்த அதிருமே, அதை மதி எங்கே வாங்குறான்? திருச்சியில. கடைக்காரன் எங்கே இருக்கான்? திருச்சியில. சொல்லணுமா இதுக்கு மேல?

சிரிக்காதீங்க தம்பி. நீங்க உள்ளே இருக்கிறதைப் பார்க்கல. நான் பார்த்தேன்.

போன வாரம் இந்தப் பெட்டியோட முதுகைத் திருகாணியைக் கழட்டித் திறந்தேன். தமயந்தி வேண்டாம் வேண்டாம்னா. திறந்தா உள்ளே என்ன? பஞ்சு. பாதிப் பெட்டிக்குப் பஞ்சு! அரிசி மூட்டையில நடுவுல தவிட்டை வைப்பான் பாருங்க, அதே வேலை. மொத்தத்தையும் உருவி இதோ இந்தத் துணிக்கடைப் பையில போட்டு, வாயை நூலால கட்டி, அரக்கு ஒழுக்கி முத்திரை வச்சுட்டேன். பறிமுதல்னா முறையா இருக்கணும்.

என்னது? எல்லா ஸ்பீக்கர்லயும் பஞ்சு இருக்குமா? யார் சொன்னது? நீங்க படிச்சிருக்கீங்க. எழுதினவன் யாரு, பெட்டி விக்கிறவன்தானே? சரி விடுங்க, பஞ்சை விடுங்க. அதுக்கும் பின்னாடி, பெட்டியோட அடிப்பலகையில என்ன ஒட்டியிருந்துச்சு தெரியுமா? இருங்க, சட்டைப்பையில இருக்கு. பாருங்க. தவில்காரங்க விரல்ல மாட்டுவாங்களே, கூடு. துணியும் பசையும் வச்சு விரலுக்குச் செஞ்சுக்குவாங்க, கல்லு மாதிரி இறுகியிருக்கும். தொட்டுப் பாருங்க. என் மாமனாரோடது. அவர் சாகுற வரைக்கும் விரல்ல மாட்டியிருந்தது. இதைக் கொண்டு போய்ப் பெட்டிக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒட்டி வச்சிருக்கான். அக்காகிட்டக்கூடச் சொல்லல. எதுக்கு? சொல்லுங்க, எதுக்கு?

பாசமா? நீங்களும் தமயந்தி மாதிரியே பேசுறீங்க. அவளும் இதைப் பார்த்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டா. எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான்தான் கையில இருந்து வாங்கினேன், ஆதாரம்னு. அப்ப ஒரு வார்த்தை சொன்னேன். உங்க அப்பன் தவில்லயே உன் தம்பி எடையைக் குறைச்சுட்டான்னு. அவ்வளவுதான் சொன்னேன். தப்பா? அவ எழுந்து உள்ளே போனா. சேலைகளை எடுத்துப் பையில வச்சா, கிளம்பிட்டா. வாசல்ல நின்னு என்னமோ சொன்னா. நான் இப்படித் திரும்பி உக்காந்திருந்தேன், அவ அந்தப் பக்கமா நின்னு சொன்னா, வாய்க்குள்ளயே சொன்னா, எனக்குக் கேக்கல. கேக்கணும்னு நினைக்கிறவ சத்தமா இல்ல சொல்லுவா?

அதுல இருந்து பட்டினின்னு சொல்ல மாட்டேன், மெஸ் சாப்பாடு. வீடு சத்தமே இல்லாமக் கிடக்கு. கடைப் பெட்டி அட்டைக்குள்ள கிடக்கு. இவன் அடிச்ச இன்னொரு பெட்டி மட்டும் அலமாரியில ஒத்தையா உக்காந்து என்னையே பார்க்குது. வெளியே போனா ஆட்டோக்காரன் ஹார்னே அடிக்காம இடப்பக்கமா வந்து உரசிட்டு, 'காது செவிடா பெருசு'ன்னு கத்திட்டுப் போறான். அடிக்காதவன் அவன், பட்டம் எனக்கு. நாடு கெட்டுப் போச்சு தம்பி.

இன்னைக்கு மாமனாருக்குத் திதி. மச்சுவாடியில மதி வீட்டுல சனமெல்லாம் கூடியிருக்கும். பெரியவங்க, பங்காளிங்க, சம்பந்திங்க எல்லாரும். அதுக்குத்தான் நாள் பார்த்துக் கிளம்பியிருக்கேன். நடுக்கூடத்துல பெட்டியை வைப்பேன். பக்கத்துல பஞ்சு மூட்டை. திருப்புளியும் கொண்டாந்திருக்கேன், எல்லார் முன்னாடியும் திறந்து காட்டுறதுக்கு. இந்தக் கூட்டை எடுத்து மாமனார் படத்துக்கு முன்னாடி வச்சு, 'மதி, உங்க அப்பன் மேல சத்தியம் பண்ணி, பெட்டியில கை வைக்கலன்னு சொல்லு'ன்னு கேப்பேன்.

அவன் சத்தியம் பண்ணிட்டானா? பண்ணட்டும். சபையில பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீட்டு வாசப்படியை மறுபடி நான் மிதிக்க மாட்டேன். தமயந்தி? அவ எந்தப் பக்கம்னு அவ முடிவு பண்ணிக்கட்டும். ஆமா, தெரியும் தம்பி, சபையில கேட்டுட்டா திரும்ப அள்ள முடியாது. நீங்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்.

கீரனூர் வந்துடுச்சா? டீ குடிக்க நிறுத்துறான். நல்லது, என்ஜினையும் அணைச்சுட்டான், இப்பத்தான் மனுசன் பேசுறது காதுல விழுது. நீங்க இறங்கல? நானும் இறங்கல. இதை வச்சுக்கிட்டு எங்கே இறங்குறது.

இருங்க, பை அதிருது. ஃபோன். அவதான்! இத்தனை நாள் கழிச்சு. இந்தக் கையால பெட்டியை அணைச்சிருக்கேன், அந்தக் கையால... ம். ஹலோ. ஹலோ? ஹலோ தமயந்தி? 

பாருங்க தம்பி. கூப்பிட்டுட்டு வாயைத் திறக்க மாட்டேங்கிறா. நான் எங்கே இருக்கேன், பக்கத்துல என்ன சத்தம்னு நோட்டம் பார்க்கிறா. வர்றேனா இல்லையான்னு தம்பிக்குத் துப்புச் சொல்லணும்ல. ஹலோ! 

என்ன? பேசுறாங்களா? ஃபோன் என் காதுல இருக்கு, உங்களுக்கு எப்படிங்க தெரியும்? சத்தம் வெளியே வருதா? என்ன சத்தம்? என்னது... 'நீங்க வந்தாத்தான் இலை போடணும்னு தம்பி சொல்லிட்டான், எல்லாரும் காத்திருக்கோம்'... அப்படியா சொல்றா? இப்பவா? 

ஐயா, நீங்க யாரு? உண்மையைச் சொல்லுங்க. மச்சுவாடியா நீங்க? மதிவாணன் அனுப்பினானா? வந்ததும் ஸ்பீக்கரான்னு கேட்டீங்க, அப்பவே நினைச்சேன். இல்லன்னா எம்பொண்டாட்டி குரல் எனக்குக் கேக்காம உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்கும்?

அந்தக் காதுலயா? எந்தக் காதா இருந்தா என்ன, பேசினாத்தானே கேக்கும். சரி. சரிங்க. இந்தப் பெட்டியைப் பிடிங்க அப்ப. ரெண்டு கையாலயும். பத்திரம்.

ஹலோ.

ம்.

ம். கீரனூர்.

இல்ல, சாப்பிடல.

அந்தக் கூடா? எடுத்துட்டுத்தான் வர்றேன். அது என்ன சத்தம், உனக்குப் பின்னாடி? அப்பாவா? கேக்குது. தவில்தான் கேக்குது. கிட்டயே நின்னு வாசிக்கிறார். எந்தப் பெட்டியில போட்டிருக்கான் மதி? பெட்டி இல்லையா? அவன் செல்போன்லயா? வெறும் செல்போன்லயா இவ்வளவு...

தமயந்தி, வைக்காதே. பேசிக்கிட்டே இரு. எதையாவது பேசு. என்னைத் திட்டேன், பரவாயில்ல, திட்டு. நிறுத்தாதே. ஃபோனைக் கை மாத்துறேன்.

...

...

ம். கேக்குது. இப்பக் கேக்குது. இல்ல, நடுவுல ஒண்ணும் இல்ல. வர்றேன். இலையைப் போட்டுடாதீங்க. வர்றேன்னு மதிகிட்டச் சொல்லு.

தம்பி, எழுந்திருங்க. ஏன்னு கேக்காதீங்க, இடம் மாத்திக்குவோம். நீங்க ஜன்னலுக்குப் போங்க, நான் இங்க. பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். ம். தட்டை மாத்தியாச்சு. நான் நேராப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க பேசுங்க. கத்தக் கூடாது, இவ்வளவு நேரம் பேசின மாதிரி. உங்க பேர் என்ன? இவ்வளவு தூரம் வந்து பேரைக்கூடக் கேக்கல பாருங்க. பேரைச் சொல்லுங்க.

சொல்லுங்க தம்பி.

சொல்லிட்டீங்களா?

...

அந்தத் துணிக்கடைப் பையை எடுங்க. பஸ் எடுக்கிறதுக்குள்ள அரக்கை உடைச்சிடலாம். திருப்புளி இந்தச் சுருக்குப்பையில இருக்கு. நீங்க பெட்டியைக் கவுத்துப் பிடிங்க, நான் திருகாணியைக் கழட்டுறேன். பஞ்சைப் பழையபடி உள்ளே வச்சுடலாம். எப்படி இருந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஓரத்துல கனமா, நடுவுல லேசா. மதி பிரிச்சுப் பிரிச்சு வச்சிருந்தான். இந்தக் கூடு... இதை ஒட்ட எங்கிட்டப் பசை இல்ல. இதை அவ கையிலயே குடுத்துடுறேன்.

யாரோ திறந்திருக்காங்கன்னு மதி பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவான், தொழில்காரன்ல. கண்டுபிடிச்சாலும் சபையில சொல்ல மாட்டான். சொல்ல மாட்டான்னுதான் நினைக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?

இருங்க, இருங்க. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.